ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

அத்தியாயம் பதினேழு

அவர் திரும்பி வந்தால் எட்டைத்தான் அழுத்துவார்.

எந்த வீட்டில் உட்கார்ந்தாலும், யாருடைய றிமோட்டைக் கையில் எடுத்தாலும் விரல் தானாக அங்கேதான் போகும். அப்போது எட்டில் நான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் இன்னொரு தடவை தொலைந்துபோவார்.

மங்கையற்கரசி இந்த நினைப்பை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கேட்கிறவர்கள் அவளுடைய நெற்றியைப் பார்ப்பார்கள். பொட்டு இன்னும் இருக்கிறதா என்று தேடும் அந்தப் பார்வைக்கு அவள் பதினான்கு மாதமாகப் பழகியிருந்தாள்.

நல்லரத்தினம் வீட்டைவிட்டுப் போனது போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில். யாரோ ஒரு வீட்டில் படம் இரட்டையாகத் தெரிகிறதாம், பார்த்துவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிள் வாவிக்கரையில் கிடந்தது. குறடும் வயர்ச்சுருளும் அதன் பெட்டிக்குள் அப்படியே இருந்தன. ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் தொடங்கிய கேபிள் நிலையம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரையம்பதியில், அவளுக்குச் சீதனமாக வந்த வீட்டின் முன்னறையில். கூரையில் மூன்று டிஷ். அறைக்குள் ஒரு மேசை, ஒரு மைக், சூடேறி முனகும் பெட்டிகள். வயர் வேலைகளை அவருடைய தம்பி இராசதுரை பார்க்கிறான். மாலை ஆறு மணி அறிவித்தல்களை அவள் வாசிக்கிறாள்.

அன்று காலையும் அவள் வந்திருந்த துண்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மரணம் ஒரு அடுக்கு. தேடுகிறோம் ஒரு அடுக்கு. பிறந்தநாள் வாழ்த்து ஒரு அடுக்கு. வாகரைப் பக்கத்துச் சனம் சண்டையில் இடம்பெயர்ந்து வரத் தொடங்கியதிலிருந்து முதல் இரண்டும் உயர்ந்துகொண்டே போயின. வாழ்த்து அடுக்கில் இரண்டே துண்டுகள்.

ஒவ்வொரு துண்டிலும் அவள் முதலில் பார்ப்பது அடியில் உள்ள ஒப்பத்தை. கொடுத்தவரின் பெயரும் ஒப்பமும் இல்லாத எதையும் வாசிப்பதில்லை. நிலையம் தொடங்கிய வருஷம் யாரோ ஒருவன் உயிரோடிருந்த தன் மச்சானுக்கு மரண அறிவித்தல் கொடுத்துவிட்டான். செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்குத் தேநீர் கொடுத்தவரே அந்த மச்சான்தான். அன்றைக்கு நல்லரத்தினம் போட்ட சட்டம் அது.

ஸ்டேப்ளருக்கு அடியில் தனியாக இன்னொரு தாள் கிடந்தது. நேற்று மாலை இராசதுரை வைத்துவிட்டுப் போனது. அதை அவள் நான்கு தடவை வாசித்துவிட்டாள்.

'அன்பார்ந்த நேயர்களே, நாளை காலை முதல் எமது ஒளிபரப்பு எட்டாம் இலக்கத்திலிருந்து முதலாம் இலக்கத்துக்கு மாறுகிறது. உங்கள் றிமோட்டில் மெனுவை அழுத்தி, பின்னர் ஓட்டோ சேர்ச்சை அழுத்தவும். இனி நாங்கள்தான் உங்கள் முதலாம் இலக்கம்.'

அடியில் ஒப்பம் இல்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. இராசதுரை ஒரு அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

"மச்சாள், பெட்டி வந்திட்டு. உசனார் நானா பகலைக்கு வந்து பூட்டித் தருவாரு."

"ம்."

"வாசிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தன்."

"பிழை கிழை கிடந்தாத் திருத்துங்க. எனக்கு உங்கள மாதிரி எழுத வராது."

"எழுத்தில ஒரு பிழையும் இல்ல, தம்பி."

அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான். முப்பத்தைந்து வயதில் அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. எல்லாம் இந்தப் பதினான்கு மாதத்தில் வந்த நரை.

"அப்ப என்ன யோசன?"

"எட்டில என்ன குறை?"

"என்ன குறையா? நீங்க சந்தைப் பக்கம் போறல்ல. போனாத் தெரியும். ஒருத்தனைக் காணல்ல எண்டா, 'பாத்திரு, எட்டில வருவான்' எண்டுறாங்க. நேத்து மீன் விக்கிறவள் மற்றவளுக்கு ஏசுறாள், 'உன்ன எட்டில வாசிக்க' எண்டு!"

மங்கையற்கரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல வாய்தான் அவளுக்கு."

"சிரிக்காதீங்க மச்சாள். கேக்குப் படத்துக்குக் கீழ எட்டு எண்டு கிடந்தா ஆரு வாழ்த்துக் குடுப்பான்? பிள்ளைக்கு ஆயுசு குறையும் எண்டு பயப்படுறாங்க. அண்ணனுக்கு அப்பவே சொன்னன், எட்டு வேணா, சனியன்ட எண் எண்டு. கேட்டாரா?"

"இலக்கத்த மாத்தினா சாகிறது நிக்குமா?"

அவன் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அவங்களுக்கு முதலாம் இலக்கம் வேணுமாம்."

அவங்கள் யார் என்று அவள் கேட்கவில்லை. போன வருஷம் துப்பாக்கிகளோடு வந்து, சந்திக்கு அருகில் மாடி வீடு ஒன்றைப் பிடித்து அலுவலகமாக்கிக் கந்தோர் திறந்தவர்கள். ஊரில் யாரும் அவர்களுக்குப் பெயர் சொல்வதில்லை. கந்தோர் என்றால் போதும்.

"ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் அவங்கட நிகழ்ச்சி போகணுமாம். ஆரு டீவியப் போட்டாலும் முதல்ல அவங்கதான் தெரியணுமாம். ஓட்டோ சேர்ச் அமத்தினா ஆகக் கீழ் அலைவரிசையில நிக்கிறதுதான் முதல்ல அம்புடும். அது போய் ஒண்டில குந்தும். நம்மளக் கீழ இறக்கத்தான் இந்தப் பெட்டி."

"இப்ப நாம நிக்கிற இடத்தில?"

"இண்டைக்கு ரெண்டிலயும் போகும். நாளையில இருந்து அதில படப்பாட்டு போடுவம்."

"நீயே வாசியன், தம்பி."

"என்ட குரலுக்கு ஆரு மெனு அமத்துவான்? முன்ன மாதிரி வீடு வீடாப் போய் மாத்த ஏலுமா இப்ப? ரெண்டு சந்தி தாண்ட மூணு தரம் அடையாள அட்டை. பொம்புளைகள் தாங்களாத்தான் அமத்தணும். நீங்க சொன்னா அமத்துவாங்க." அவன் மறுபடியும் வாசலைப் பார்த்தான். "ஆறு மணிக்கு அவங்கட ஆளொண்டு இஞ்ச வந்து இருந்து பாக்குமாம். எனக்கு ரெண்டு பிள்ளைகள், மச்சாள். ஒரு வீட்டில ஒருத்தன் போனது போதும்."

அவன் கூரைக்கு ஏறும் சத்தம் கேட்டது. ஏணி ஒவ்வொரு படிக்கும் முனகியது.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஊருக்குத் தெரியாது. சாத்திரம் பார்த்து வைத்தது என்று சிலர் நினைக்கிறார்கள். சமாதானம் பேசிய வருஷம், ஆனி மாதம், இதே மேசையில் நல்லரத்தினமும் அவளும் ஒரு முழு நாள் இருந்து தேர்ந்தெடுத்த எண் அது.

ஒன்று முதல் ஆறு வரை ஏற்கெனவே ஆள் இருந்தது. அன்டனாவில் வரும் கொழும்பு நிலையங்களுக்குச் சனம் அந்த எண்களைக் கொடுத்துப் பழகிவிட்டது. பழகியதைப் பிடுங்கினால் ஏசுவார்கள். பன்னிரண்டு நல்ல எண். ஆனால் பழைய றிமோட்டில் இரண்டு இலக்க எண்ணுக்கு மூன்று தடவை அழுத்த வேண்டும். கண் மங்கியவர்கள் என்ன செய்வார்கள்?

அவர் றிமோட்டை அவள் கையில் கொடுத்து, "கண்ண மூடிக்கிட்டு அஞ்சத் தேடு," என்றார்.

தேடினாள். ஐந்தின் மேல் பொட்டளவு ஒரு மேடு விரலில் தட்டுப்பட்டது.

"இப்ப ஒண்டு கீழ இறங்கு."

இறங்கினாள்.

"அதான் நம்மட வீடு. லைட் இல்லாட்டியும் வந்து சேரலாம்."

எட்டுக்கு இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஒன்பது. விரல் வழுக்கினால் இந்த இரண்டில் ஒன்றில்தான் விழும். அதனால் அவர் இணைப்புக் கொடுத்த ஒவ்வொரு வீட்டிலும் ஏழையும் ஒன்பதையும் எதுவும் பதியாமல் வெறுமையாக விட்டார். வழுக்கினால் நீலத் திரை மட்டும் தெரியும். வழி தப்பியது விளங்கிவிடும். இராசதுரை அதைக் கேலி செய்வான். "ரெண்டு இலக்கத்த வீணாக்கி வேலி கட்டுறாரு அண்ணன்." அவன் போகிற வீடுகளில் ஏழிலும் ஒன்பதிலும் படச் சனல்களைப் பதிந்து நிரப்பிவிடுவான். சுற்றுவட்டத்தில் வேறு எந்தக் கேபிள்காரனும் அப்படி வேலி கட்டுவதில்லை.

அவர் கையால் இணைப்புக் கொடுத்தவை நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். நானூற்றுப் பன்னிரண்டிலும் அவர் கதிரையில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்து, எட்டைப் பதிந்துவிட்டு வந்திருக்கிறார். எண் டீவிக்குள் பிறப்பதில்லை. யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்து பதிந்தால்தான் அது அங்கே இருக்கும். அவருடைய விரல் பட்டது இந்த ஊரில் இன்னும் அழியாமல் இருப்பது அங்கே மட்டும்தான் என்று அவள் சில நாட்களில் நினைத்துக்கொள்வாள்.

ஓட்டோ சேர்ச் அழுத்தினால் டீவியே எல்லாவற்றையும் புதிதாகத் தேடிப் பதிந்துகொள்ளும், அதுவும் போய்விடும். அவளுடைய குரல் அழுத்தச் சொல்லும். நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள் அழுத்துவார்கள்.

உசனார் மத்தியானத்து லுஹர் தொழுகை முடித்து நேரே வந்தார். காத்தான்குடி எல்லையில் டீவி திருத்தும் கடை வைத்திருப்பவர். நல்லரத்தினத்தின் முதல் பெட்டியைப் பொருத்தியவரும் அவர்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் என்ன கலவரம் நடந்தாலும், அடுத்த கிழமை குறட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். இன்றைக்கு வழக்கமான பகிடியும் சிரிப்பும் இல்லை. தேநீரைத் தொடாமல் புதுப் பெட்டியைப் பூட்டினார். இராசதுரை கூரையிலிருந்து, "படம் வருதா நானா?" என்று கத்தினான்.

"வருகிது, வருகிது. நீ விழுந்து கிழுந்து போயிராத."

அந்த நேரத்தில் மகள் துசாந்தினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பதினான்கு வயது. சப்பாத்தைக் கழற்றாமலே கூடத்துக்குள் போனாள். சற்று நேரம் டீவியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அம்மா! ஓடி வாங்க!"

மங்கையற்கரசி போய்ப் பார்த்தாள். திரையின் மூலையில் பச்சையாக 1 என்று இருந்தது. கீழே அவர்களுடைய நிலையத்தின் அறிவித்தல் அட்டை.

"சித்தப்பா சொன்ன மாதிரி ஓட்டோ சேர்ச் அமத்தினன். ஒண்டில வந்திட்டும்மா. எவ்வளவு வடிவாக் கிடக்கு, பாருங்க!"

மங்கையற்கரசி மகளின் கையிலிருந்து றிமோட்டை வாங்கினாள். ஐந்தின் மேட்டைத் தடவி, ஒன்று கீழே இறங்கி அழுத்தினாள். வேறொரு ஊரின் சிங்களப் பாட்டு. ஏழை அழுத்தினாள். ஏதோ விளம்பரம். ஒன்பதில் கிரிக்கெட்.

வேலி இல்லை. வீடும் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டில் முதல் வீடு இதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அவர் முதன்முதல் பதிந்ததும் இதே வீட்டில்தான்.

"ஏன்மா முகத்த இப்பிடி வைச்சிருக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல."

"அப்பா வைச்ச இலக்கம் எண்டுதானே?" துசாந்தினியின் குரல் உடனே கூர்மையானது. "வகுப்புக்குள்ள நான் போனா எல்லாரும் வாயில விரல் வைக்கிறாளுகள். 'அமைதி, எட்டு வருது, அறிவித்தல் வருது' எண்டு. றஞ்சினிட அண்ணன்ட அறிவித்தல நீங்கதானே வாசிச்சீங்க? அண்டையில இருந்து அவள் என்னோட கதைக்கிறல்ல. ரெண்டு வருசமா ஒரே வாங்கில இருந்தவள், இப்ப பின்னுக்குப் போயிட்டாள்."

"நான் என்ன மகள் செய்யிற? அவங்க தந்தத வாசிச்சன்."

"தெரியும். அதான் மாத்துவம் எண்டுறன். அப்பா வந்தா நான் சொல்லிக் குடுக்கன், நாம இப்ப ஒண்டில இருக்கம் எண்டு."

வந்தா. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். மழை வந்தால் குடை பிடிக்கலாம் என்பது போல. இவளுக்கு அவர் எப்போது ஒரு பேச்சுக்குரிய ஆளாகிப் போனார்? குற்றம் சொல்ல முடியாது. இவளுக்கு வாழ இன்னும் நாள் கிடக்கிறது. எனக்கு அவரைக் காத்து வைத்திருப்பதுதான் வேலை என்றால், அந்த வேலையின் கூலியை இவள் ஏன் கொடுக்க வேண்டும்?

"இண்டைக்கு வாசிப்பீங்களாம்மா?"

மங்கையற்கரசி மகளின் கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டாள். "வாசிக்கன்."

"சத்தியமா?"

"ஓம். சாப்பிட்டிட்டு டியூசனுக்குப் போ."

துசாந்தினி சைக்கிளில் போகும்போது மணியை இரண்டு தடவை அடித்துக்கொண்டு போனாள். பல மாதத்துக்குப் பிறகு.

முடிந்தது என்று மங்கையற்கரசி நினைத்தாள். முன்னறைக்கு வந்து, ஸ்டேப்ளரைத் தூக்கி, அந்தத் தாளை இன்றைய அடுக்கின் மேல் வைத்தாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று ஓய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. துக்கம்கூட இல்லை. வெறும் களைப்பு.

உசனார் திருப்புளியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார்.

"தங்கச்சி."

"என்ன நானா?"

அவர் கூரையைப் பார்த்தார். மேலே இராசதுரை டிஷ்ஷை முடுக்கும் சத்தம்.

"மூணு நாளா இத நெஞ்சுக்குள்ள வெச்சிக்கிட்டு இரிக்கன். செல்லவா வேணாவா எண்டு தெரியல்ல. செல்லாட்டி அல்லாஹ்வுக்குப் பதில் செல்லணும்."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

"கடைக்கி ஒரு செட்டு வந்திச்சு திருத்துறத்துக்கு. மின்னல் அடிச்ச செட்டு. திருத்திப்போட்டு என்னென்ன பதிஞ்சிரிக்கி எண்டு பாத்தன். எட்டில நம்மட லைன். ஏழு வெறும. ஒம்பது வெறும."

"இவரு பதிஞ்ச வீடாயிருக்கும். ஊரில எல்லாம் அப்பிடித்தானே, நானா."

"நானும் அப்பிடித்தான் நினச்சன். மறுகாதான் செட்டத் திருப்பிப் பின்னால பாத்தன். என்ட கையெழுத்தில வித்த திகதி. போன ஆவணியில நானே வித்த செட்டு, தங்கச்சி. ஆவணியில."

நல்லரத்தினம் போனது அதற்கு முந்தின கார்த்திகையில். அந்த டீவி விற்கப்பட்டபோது அவர் காணாமல் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

"தம்பி பதிஞ்சிருப்பான்."

"ராசதுரையா? அவன் ஏழையும் ஒம்பதையும் வெறுமையா விட்டத நீங்க எங்கயாவது கண்டீங்களா?"

கண்டதில்லை.

"ஆரு கொண்டு வந்தது?"

"ஓட்டோவில ரெண்டு பேரு. பேரு கேக்கிற ஆக்களில்ல. வாங்கக்குள்ளயும் அவங்கதான் வந்தாங்க. வெள்ளிக்கிழமை வந்து எடுப்பாங்களாம்." அவர் குரல் மூச்சாகிவிட்டது. "செட்டுக்குள்ள நெல்லுச் சப்பி, தங்கச்சி. ஒரு சிரட்ட நிறய அள்ளினன். வீட்டில வெச்ச செட்டில அவ்வளவு சப்பி வராது."

பதர் பறக்கும் இடம் நெல் ஆலை.

அவர்களுடைய லைன் போகிற வழியில் ஆலை ஒன்றே ஒன்றுதான். தாழங்குடாப் பாதையில் பூட்டிக் கிடப்பது. பூட்டு உடைமையாளருடையது இல்லை. திறப்புச் சாவி கந்தோரில்.

"நான் செல்லின எண்டு ஒருத்தருக்கும் வாய் திறந்திராதீங்க. எனக்கும் குமர்ப் பிள்ளைகள் இரிக்கி," என்றார் உசனார். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அவளுக்கு ஆவணி நினைவுக்கு வந்தது. ஒரு பகல் இராசதுரை இரண்டு சுருள் வயரை எடுத்துக்கொண்டு போனான். எங்கே என்று கேட்டதற்கு, "தாழங்குடாப் பக்கம் ஒரு இணைப்பு," என்றான். திரும்பி வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவன், ஒரு பிடி பிசைந்துவிட்டுக் கையைக் கழுவினான். வயிறு சரியில்லை என்றான். அவளும் நம்பினாள்.

லைன் இழுத்தவன் அவன். டீவியில் எண்ணைப் பதிந்தவர் வேறு யாரோ.

அந்தக் கட்டடத்துக்குள் யாரோ ஒருவரிடம் றிமோட்டைக் கொடுத்து, 'உனக்குத் தெரிந்த வேலைதானே, பதி' என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் எட்டைப் பதிந்திருக்கிறார். இரண்டு பக்கமும் வேலி கட்டியிருக்கிறார். எப்போதாவது ஆறு மணிக்கு அதை யாராவது போடும்போது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய குரலைக் கேட்டிருக்கவும் கூடும். யாரோ ஒருவரின் மரணத்தை, காணாமல் போன யாரோ ஒரு பையனின் பெயரை அவள் வாசிக்கும்போது.

அல்லது இதெல்லாம் அவளுடைய ஆசை. ஊரில் வேறு யாராவது அந்த வழக்கத்தைக் கண்டு பழகியிருக்கலாம். அதுவும் நடக்கக்கூடியதுதான். அவள் அதையும் நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்த்த பிறகு, அடுக்கின் மேலிருந்த அந்தத் தாளை எடுத்து அடியில் செருகினாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கந்தோர் ஆள் வந்தான். இருபத்தைந்து வயதுகூட இராது. செருப்பை வாசலில் ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"வணக்கம் அக்கா. நீங்க வாசிக்கிறது எங்கட அம்மாவுக்கு நல்ல விருப்பம்."

"இருங்க தம்பி."

அவன் சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தான். இராசதுரை பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டியூசன் முடிந்து வந்த துசாந்தினி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அம்மாவைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். மத்தியானம் வாங்கிய சத்தியத்தின் சிரிப்பு.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். எட்டாம் இலக்கத்தின் இன்றைய அறிவித்தல்கள்.

"மாங்கேணியைப் பிறப்பிடமாகவும் நலன்புரி முகாமைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட ஆச்சிப்பிள்ளை அவர்கள் நேற்றுக் காலமானார். அறிவித்தலைத் தருபவர், மகன் தங்கராசா.

"உன்னிச்சையைச் சேர்ந்த பத்தொன்பது வயதுடைய, காணாமல் போன தமது மகனைப் பற்றி அறிந்தவர்கள், பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருக்கும் தாயார் இலட்சுமிப்பிள்ளையுடன் தொடர்புகொள்ளவும்."

பதினொரு துண்டுகள். இரண்டு பிறந்தநாள். ஒவ்வொன்றையும் வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தாள். பெயர்களை இரண்டு தடவை சொன்னாள். சுவர்களைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பது போல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

கடைசித் தாள் வந்தது. அதை எடுத்தாள். பார்த்தாள். மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இத்துடன் எட்டாம் இலக்கத்தின் இன்றைய அறிவித்தல்கள் நிறைவுபெறுகின்றன. நாளையும் இதே நேரம், இதே எட்டில் சந்திப்போம்."

மைக்கை அணைத்தாள்.

"அக்கா," அந்த இளைஞன் மரியாதையாகச் சொன்னான். "ஒண்டு மறந்திட்டீங்க."

"மறக்கல்ல, தம்பி. அதில ஒப்பம் இல்ல. ஒப்பம் இல்லாத துண்ட இஞ்ச வாசிக்கிறல்ல. நீங்க அம்மாட்டக் கேட்டாச் சொல்லுவாங்க."

தாளை அவன் பக்கம் திருப்பி, பேனையை அதன் மேல் வைத்தாள். அவன் பேனையைப் பார்த்தான். தொடவில்லை. மெல்லச் சிரித்துவிட்டு இராசதுரையைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க போடுங்களன், அண்ணன்."

இராசதுரை முன்னால் வந்தான். பேனையை எடுத்துக் குனிந்தான். ஒப்பமிடும்போது அவன் மங்கையற்கரசியை நிமிர்ந்து பார்க்கவில்லை. இவனுக்குத் தெரியுமா? ஆவணியிலிருந்தே தெரிந்துகொண்டுதான் என் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறானா? கேட்டால் இந்தக் கதிரையில் இருப்பவன் முன்னால் கேட்க வேண்டும். கேட்க முடியாது.

தாள் மறுபடியும் அவள் முன்னால் வந்தது. ஈரம் காயாத ஒப்பத்தோடு. கதவு நிலையில் துசாந்தினியின் சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

"இப்ப சரிதானே அக்கா? மைக்கப் போடுங்க."

மங்கையற்கரசி அடுக்கிலிருந்த மற்றத் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துத் தட்டி ஒழுங்காக்கினாள். அந்தத் தாளைத் தனியாக எடுத்து இரண்டாக மடித்து, இராசதுரையின் சட்டைப் பையில் வைத்தாள்.

"ஆரு ஒப்பம் வைச்சாலும் நான் வாசிக்க மாட்டன்," என்றாள்.